பதினோராவது சொம்பு

காலையில் பத்துச் சொம்பு ஊற்றியிருந்தான். எண்ணித்தான் ஊற்றினான், அதில் சந்தேகமே இல்லை. சாயங்காலம் ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திறந்து அதே பித்தளைச் சொம்பில் பிடித்தபோது பதினொன்று வந்தது.

சௌக்கத் அலி குந்தியபடியே குழாயை மூடினான். கத்திரி வெயில் தொடங்கி நாலாம் நாள். தலைக்கு மேலே கொட்டகைத் தகரம் படபடவென்று தெறிக்க, தோல் கிடங்கு நாற்றமும் கருவாட்டு நாற்றமும் சேர்ந்து தொண்டைக்குள் இறங்க, திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரைக்கும் போய்த் திரும்பிய அந்தப் பழைய காரின் ரேடியேட்டர் மூடியில் கை வைத்தால் மண்பானையைத் தொட்டமாதிரி சில்லென்று இருந்தது. பன்னிரண்டு மைல் ஓடிய வண்டி. எந்த மெக்கானிக்கும் சந்தோஷப்பட வேண்டிய விஷயம். அவனும் ஒரு வாரமாகச் சந்தோஷமாகத்தான் இருந்தான்.

சும்மா ஒன்றும் அவன் எஞ்சினை மாற்றவில்லை. இரண்டு வருசத்துக்கு முன்னால், இதே காரில், பிரசவ வலியோடு மனைவி சாபிராவை ராயபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்போது தண்டையார்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. துறைமுகத்துக்குப் போகிற சரக்கு வண்டி, முடிவே இல்லாமல். நின்ற இடத்தில் பழைய எஞ்சின் கொதித்து ஆவி கக்கியது. அவன் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டிருந்தபோது பின்சீட்டில் குழந்தை பிறந்து, செத்தும் போயிற்று. சாபிரா சண்டை போடவில்லை. நாற்பது நாள் கழித்து ஒரே ஒரு தடவை, "அன்னிக்கு நீ எம் பக்கத்துல இல்ல மச்சான்" என்றாள். அதற்குப் பதில் நாலு அறை அறைந்திருக்கலாம்.

இப்போது அவளுக்கு மறுபடி ஒன்பதாம் மாசம். பழைய எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு, ராயபுரத்தில் ஹுமாயூனின் காயலான்கடையிலிருந்து ஒரு மிலிட்டரி லாரி எஞ்சினைக் கொண்டுவந்து, தாங்கிகளை வெட்டி, ஓட்டைகளைப் புதிதாகப் போட்டு, பதினைந்து நாள் மல்லுக்கட்டிப் பொருத்தினான். நம்பர் பொறித்த இடம் துருவில் அரித்துப்போன எஞ்சின். ஹேண்டிலை ஒரே சுற்றுத்தான் சுற்றினான், பிடித்துக்கொண்டது. எவ்வளவு ஓட்டினாலும் சூடு காட்டும் முள் அசையவில்லை.

"இந்தத் தடவ பானெட்ட தெறந்துக்கினு நின்ன, நான் எறங்கி நடந்தே பூடுவேன்" என்று சிரித்தாள் சாபிரா. கை கால் எல்லாம் நீர் கோத்து வீங்கியிருந்தது அவளுக்கு. வலது கையில் ஆறு பச்சைக் கண்ணாடி வளையல்கள் சதையில் பதிந்து கிடந்தன. சோப்புப் போட்டுக் கழற்றிப் பார்த்தும் வராமல் விட்டுவிட்டாள்.

"தெறக்கவே வேணாம். கொதிக்காத எஞ்சின் இது" என்று அவனும் சொல்லியிருந்தான்.

பதினோராவது சொம்பைப் பார்த்தபடி இப்போது விரலை அதில் நனைத்து நாக்கில் வைத்தான். மெக்கானிக்குகளுக்கு அது ஒரு பழக்கம். எண்ணெய் கலந்திருந்தால் நாக்கு சொல்லிவிடும், துருவும் தெரிந்துவிடும். உப்பு. முதல் நாளே அது கரித்தது, எண்ணூரில் கிடந்த எஞ்சின் என்று கேள்விப்பட்டிருந்ததால் அவனும் மூன்று தடவை நல்ல தண்ணீர் விட்டு அலசியிருந்தான். ஆனால் இது கடல் உப்பு இல்லை. கடல் உப்பில் ஒரு கசப்பு இருக்கும். இது, வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து வேலை செய்யும்போது நெற்றியில் புறப்பட்டு வாயோரம் வழியுமே, அந்த உப்பு.

எச்சிலைத் துப்பினான். அப்போதுதான் காலையில் எண்ணூருக்கு வாடகைக்குக் கூட்டிப்போன ராமசுப்புவின் ஞாபகம் வந்தது. தூத்துக்குடிப் பக்கத்து ஆள், உப்பு வியாபாரி, நல்ல தாட்டியான உடம்பு. திரும்பி வந்து இறங்கியதும், "தொண்ட வத்திப் போச்சுவே, தண்ணி இருக்கா?" என்று கேட்டவர், குடத்தைத் தூக்கிப் பிடித்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. வெயில்தான் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை முதல் வேலையாக ஹுமாயூனிடம் போய், எஞ்சின் எங்கே கிடந்தது என்று கேட்டான். அவன் இரும்புக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

"எண்ணூர் நெட்டுக்குப்பத்தாண்ட மணல்ல மாட்டிக்கினு கெடந்த லாரி மாமு, சண்ட டைம்ல. மூணு சோல்ஜருங்க உள்ளாறயே செத்துக் கெடந்தானுங்கோ. தாகத்துல செத்தானுங்கன்னு பேச்சு. கூப்புடு தூரத்துல குப்பம் கீது, கெணறு கீது. ஒருத்தனும் எறங்கல பாரு."

"ரேடியேட்டர்ல தண்ணி?"

ஹுமாயூன் பீடியை வாயிலிருந்து எடுத்தான். "வழிஞ்சுக்கினு இருந்துச்சாம். உனக்கு யாரு சொன்னா?"

"இத்த இன்னாத்துக்கு அப்பவே சொல்லல?"

"எஞ்சினுக்கு இன்னா வந்துச்சு? ஷோக்கா ஓடுதுல்ல?"

சௌக்கத் அங்கிருந்து கிளம்பினான். நேரே வீட்டுக்கு வந்து, ரேடியேட்டரில் மறுபடி பத்துச் சொம்பு எண்ணி ஊற்றி, வளர்ப்புக் கோழி இரண்டைக் கூடையில் கவிழ்த்துக் கட்டிப் பின்சீட்டில் வைத்தான். எண்ணூர் போனான், திரும்பினான். போகும்போது கொக்கொக்கென்று சத்தம் இருந்தது. பாதி வழியில் இல்லை. கொட்டகையில் இறங்கிக் கூடையைத் தூக்கியபோது காலிக் கூடையைத் தூக்கினமாதிரி கை மேலே போயிற்று. உள்ளே இறகும், அதற்குள் கருவாடாக ஒட்டிய தோலும் இருந்தன. அடிக்குழாயைத் திறந்தான். பத்துச் சொம்புக்கு மேல் ஒரு கால் சொம்பு வந்தது. ஓட்டிய அவனுக்குத் தாகம்கூட எடுக்கவில்லை.

எஞ்சினைக் கழற்றிவிட வேண்டும். ஆனால் தூக்க சங்கிலிக் கப்பி வேண்டும், அதை வெள்ளிக்கிழமை தருவதாக ஒருத்தன் சொல்லியிருந்தான். அன்றைக்குப் புதன். கோழிகளைக் குழி தோண்டிப் புதைத்தான். சாபிராவிடம் வாய் திறக்கவில்லை. நிறை மாசக்காரியிடம் இதை எப்படிச் சொல்வது? கொதிக்காத எஞ்சின் என்று தம்பட்டம் அடித்த வாயால் எப்படிச் சொல்வது?

வியாழக்கிழமை, வெயில் உச்சிக்கு வந்தபோது சாபிராவுக்கு வலி கண்டது.

சௌக்கத் தெருவுக்கு ஓடினான். ஜட்கா ஒன்றுமில்லை. ரிக்‌ஷா ஒன்றுமில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் தார் உருகி மினுங்கியது. பக்கத்து வீட்டு அஜீசுன்னிசா வாசலில் நின்று கத்தினாள். "வூட்டாண்ட காரை வெச்சுக்கினு எவன் வண்டிய தேடுற? புள்ள தல திரும்பிடுச்சு. எட்றா வண்டிய!"

பன்னிரண்டு மைலுக்குத்தான் அந்தக் கோழிகள் அப்படி ஆயின. ஆஸ்பத்திரி மூன்று மைல். பன்னிரண்டு வேறு, மூன்று வேறு. ராமசுப்பு போய்வந்து நடந்துதானே போனார். கூஜா நிறையத் தண்ணீர் எடுத்து சாபிராவின் மடியில் வைத்தான். ஏறவந்த அஜீசுன்னிசாவைக் கையால் தடுத்தான்.

"நீ வராத."

"பைத்தியமா உனக்கு?"

"வராதன்றேன்ல."

ஹேண்டிலைச் சுற்றினான். ஒரே சுற்று.

எஞ்சின் அவ்வளவு அமைதியாக அதுவரை ஓடியதில்லை. பின்னால் சாபிரா முனகுவதும், கூஜா மூடி திறப்பதும், மடக்மடக்கென்று குடிப்பதும் காதுக்குள்ளேயே கேட்டது. கதவுக்கு வெளியே தொங்கிய வலது கை கண்ணாடியில் தெரிந்தது, வீங்கி, வளையலோடு. முள் அசையவில்லை. தேரடி தாண்டியது. ஒரு மைல். இன்னும் கொஞ்சம். அல்லாவே, இன்னும் கொஞ்சம்.

தண்டையார்பேட்டை. கேட் மூடியிருந்தது.

சரக்கு வண்டி. ஆமை வேகம். பெட்டி, பெட்டி, பெட்டி.

"மச்சான், தண்ணி."

"கூஜாவுல கீது பாரு."

"ஆயிடுச்சு."

சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான். அணையவில்லை. மறுபடி திருப்பினான். சாவியை உருவிக் கையில் எடுத்துக்கொண்டான். எஞ்சின் ஓடியது.

"மச்சான். வலி நின்னு போச்சு." அவள் குரல் காய்ந்த ஓலை மாதிரி உரசியது. "பக்கத்துல வாயேன்."

"இதோ வந்துட்டேன்."

இறங்கினான். கால் பின்கதவுக்குத்தான் போயிருக்க வேண்டும். வண்டி மக்கர் பண்ணினால் மெக்கானிக்கின் கை முதலில் எங்கே போகுமோ, அங்கேதான் போயிற்று. பானெட்டைத் திறந்தான். பிளக் ஒயர் ஒன்றைப் பிடுங்கினான். இரண்டு. மூன்று. கடைசி ஒயரும் கைக்கு வந்துவிட்டது. விசிறி சுற்றியது. சில்லென்ற காற்று முகத்தில் அடித்தது.

எஞ்சினுக்குள் அது வரைக்கும் இல்லாத ஒரு சத்தம். டுக், டுக். அதன் கூடவே, வேகமாக, சின்னதாக இன்னொன்று.

ரேடியேட்டர் நிறைந்து, வடிகுழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு நூலாக ஒழுகியது. பிறகு குழாய் வாய் நிறைய. தார் ரோட்டில் அவன் காலைச் சுற்றித் தண்ணீர் பரவியது. வெதுவெதுப்பாக இருந்தது.

அவன் வேண்டாம் என்றுதான் நினைத்தான். விரல் தானாகப் போய் நனைந்து வந்தது. நாக்குத் தானாக நீண்டது.

உப்பு. உப்புக்கு அடியில் லேசான இனிப்பு, சீம்பால் மாதிரி.

"சாபிரா?"

கடைசிப் பெட்டி போயிற்று. கேட் உயர்ந்தது. பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

ணங்.

ஏறும் படியின் தகரத்தில் என்னவோ விழுந்து உருண்டது. பச்சை வளையல். முழு வளையல், கீறல் கூட இல்லை. உருண்டு வந்து, அவன் காலடியில் உருகிய தாரில் சாய்ந்து நின்றது.

ணங்.

பானெட்டுக்குப் பின்னாலிருந்து அவனால் கதவைப் பார்க்க முடியவில்லை. இரண்டடி நகர்ந்தால் தெரியும். நகரவில்லை. தண்ணீர் கணுக்காலைத் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. அவன் எண்ணிக்கொண்டு நின்றான். மூன்று. நாலு. ஐந்து.

ஆறு.