பின்சீட்டைத் தடவும் கை

அக்டோபர் கடைசியில் மூடுபனி மலையிலிருந்து இறங்கிப் பேருந்து நிலையம் வரைக்கும் வந்துவிடும். அன்று மதியம் மூன்று மணிக்கே டாக்சியின் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தேன். எங்கள் மலையூர் லிபோவாவுக்குப் போகும் பேருந்து போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. முப்பத்தொரு வருடமாக அந்த மலைச்சாலையில் டாக்சி ஓட்டுகிறேன். பேருந்தைத் தவறவிட்டவர்கள்தான் எனக்குச் சோறு போடுகிறவர்கள்.

பிலியானா தோளில் பையோடு ஓடி வந்தாள். எங்கள் ஊர் நெவேனாவின் ஒரே மகள். நகரத்தில் நர்ஸ் படிப்பு, பத்தொன்பது வயது.

"ஸ்டாமென் மாமா, ஊருக்கா? என்னையும் ஏத்திக்கோங்க."

"ஏறும்மா. பின்னால உக்காரு. முன்னால மாப்பிள்ளை உக்காந்திருக்காரு."

எட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். முன்சீட்டில் இருந்தது இருபது லிட்டர் கண்ணாடிக் குடுவை. கழுத்து வரைக்கும் பிளம்பழச் சாராயம். புனித திமித்தர் திருநாளுக்காக மச்சான் காய்ச்சிக் கொடுத்தது. கவிழ்ந்துவிடக் கூடாதென்று அதற்கு பெல்ட்டை இழுத்து மாட்டியிருந்தேன்.

"மாப்பிள்ளைக்கு கவனிப்பு பலமா இருக்கே மாமா!"

"பின்ன? அவரு ஒடஞ்சா ஊரே அழுவும்."

பின்சீட்டில் வலது ஓரமாக உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. முரட்டுக் கம்பளியில் நகம் உரசும் சத்தம். கர்... கர்... கர்...

"என்னம்மா தேடுற?"

"பெல்ட் எங்க மாமா? கைக்கே கிடைக்கல."

கிடைக்காது. என் மனைவி ருசா ஆட்டு ரோமத்தில் ஒரு கனத்த சிவப்பு விரிப்பு நெய்து, பின்சீட்டுக்கு அளவெடுத்துத் தைத்திருந்தாள். பெல்ட்டும் அதன் பூட்டும் உட்காருகிறவர்களின் இடுப்பில் குத்துகின்றன என்று நான்தான் எல்லாவற்றையும் உள்ளே தள்ளி மேலே தைக்கச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் பாதி வண்டிகளில் இப்படித்தான். முன்சீட்டில் பாலத்தில் நின்று சோதிக்கும் போலீஸுக்காகப் போடுவோம், பின்சீட்டில் யார் கேட்கப்போகிறார்கள்? அடுத்தவன் வண்டியில் ஏறிப் பெல்ட்டைத் தேடினால் அவனுக்கு ஓட்டத் தெரியாது என்று முகத்துக்கு நேரே சொல்வது போல. எனக்கும் சுருக்கென்றது.

"ஏம்மா, என்மேல நம்பிக்கை இல்லையா? நீ பொறக்கறதுக்கு முன்னாலேருந்து இந்த ரோட்டுல ஓட்டுறவன் நான்."

"ஐயோ, அப்படியில்ல மாமா. அம்மாகிட்ட சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். அப்பா போனதுலேருந்து..."

அவளுடைய அப்பா ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது யாருடைய வண்டியிலோ பின்சீட்டில் பெல்ட் இல்லாமல் உட்கார்ந்து வந்து செத்தவர். அது எனக்கும் தெரியும். தெரிந்தும்தான் சொன்னேன்:

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ கம்முனு உக்காரு."

கர்... கர்... சத்தம் நின்றது. என் மனம் நோகக் கூடாதென்று கையை எடுத்துவிட்டாள்.

கழுதைத் திருப்பம் என்கிற மலை வளைவில் பனிக்குள்ளிருந்து மரம் ஏற்றிய லாரி வந்தது. நான் வளைத்தேன். பாறையில் மோதினோம். அப்போது ஐம்பது கிலோமீட்டர் வேகம்கூட இல்லை.

என்னைப் பெல்ட் பிடித்துக்கொண்டது. குடுவைக்கு ஒரு கீறலும் இல்லை. பிலியானாவைப் பிடித்துக்கொள்ளத்தான் ஒன்றும் இல்லாமல் போனது.

போலீஸ் வந்து கேட்டபோது என் வாய் தானாகவே பேசியது. "சொன்னேங்க. பெல்ட் போடும்மான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேக்கல." சின்ன வயசு, கேட்டிருக்க மாட்டாள் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். என் லைசென்ஸ் பிழைத்தது.

நாற்பதாம் நாள் நெவேனா என் வாசலுக்கு வந்தாள். செத்தவர் நினைவாக வீடு வீடாகக் கொடுக்கும், சர்க்கரையும் வால்நட்டும் போட்ட அவித்த கோதுமையைக் கொடுக்க வந்திருப்பாள் என்று நினைத்தேன். கை வெறுமையாக இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கண்ணே. நிஜமாவே நீங்க சொல்லியும் அவ போடலையா?"

ருசா என் பக்கத்தில் நின்றிருந்தாள். நான் கீழே பார்த்துக்கொண்டே சொன்னேன்: "போடலம்மா."

"எந்தலையில அடிச்சு சத்தியம் பண்ணவண்ணே. அவ அப்பன் செத்ததக் காட்டிக் காட்டி வளத்தேன். சிரிச்சுக்கிட்டே என்னை ஏமாத்திட்டா பாருங்க." அவள் அழவில்லை. "நான் அவ கல்லறைக்குப் போகமாட்டேன். என்னால முடியல."

போகவும் இல்லை. எங்கள் ஊரில் மின்கம்பத்திலும் வாசற்கதவிலும் இறந்தவர் படத்தோடு நினைவுத்தாள் ஒட்டுவோம். நாற்பதாம் நாளுக்கு ஒன்று, ஆறாம் மாதத்துக்கு ஒன்று. பிலியானாவுக்கு எங்கும் ஒட்டப்படவில்லை. ஒரு தாயை அவள் செத்த மகளோடு சண்டை போட வைத்தவன் நான். அந்த நினைப்போடுதான் தினமும் ரொட்டியைப் பிய்த்துத் தின்றேன், எனக்கு வெட்கமே இல்லை.

பனிக்காலம் முடிந்ததும் இன்னொரு பழைய வண்டி வாங்கினேன். முதல் நாள் காலையில் ருசா சிரித்த முகத்தோடு கூப்பிட்டாள்.

"வந்து பாருங்க! காளான் பொறுக்கப் போனேனா, கழுதைத் திருப்பத்துப் பள்ளத்துல நம்ம விரிப்பு கெடந்துச்சு. மோதுன வேகத்துல பறந்து விழுந்திருக்கு பாவம். மூணு தண்ணி ஊத்தி அலசினேன். புது வண்டிக்கும் அளவு சரியா இருக்கு."

அதே சிவப்பு விரிப்பு. பெல்ட்டுகள் உள்ளே. பெல்ட்டை வெளியே எடுக்கும் இடைவெளி தைக்கப்பட்டிருந்தது.

எடுத்துப்போடு என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

அன்று வண்டி காலி. ஒற்றை ஆளாக மலை ஏறினேன். கழுதைத் திருப்பம் வந்ததும் வண்டிக்குள் ஆட்டு ரோமம் நனைந்த வாடை எழுந்தது. முன்பலகையில் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது. பின்சீட்டில் வலது பக்கம் ஆள் இருக்கிறது, பெல்ட் போடவில்லை என்று காட்டும் விளக்கு. டிங். டிங். டிங்.

கண்ணாடியில் பார்த்தேன்.

யாரும் இல்லை.

கர்... கர்... கர்...

இருக்கைக்கும் முதுகுச்சாய்வுக்கும் நடுவே, தைத்த இடத்தில், கம்பளி மெதுவாகக் குழிந்து எழுந்தது. விரல்கள் அழுத்தி அழுத்தி நகர்வது தெரிந்தது. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம். பிறகு மறுபடியும்.

மறுநாள் சந்தையில் பெல்ட் இல்லாத வெறும் கொக்கி ஒன்று வாங்கினேன். பூட்டில் செருகிவிட்டால் வண்டி ஏமாந்து வாயை மூடிக்கொள்ளும். பாதிப்பேர் அப்படித்தான் சத்தத்தை நிறுத்துகிறார்கள். தையலைப் பிரித்து, கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டு, வலது பூட்டில் கொக்கியைச் செருகி, மறுபடியும் தைத்தேன். காலையில் பார்த்தால் தையல் அப்படியே இருந்தது. கொக்கி என் இருக்கையில் கிடந்தது.

அன்று திருப்பத்தில் விளக்கும் மணியும் கையின் சத்தமும் எல்லாம் ஒன்றாக நின்றன. அந்த அமைதியில் என் காதுக்குப் பின்னால் கேட்டது.

"மாமா... அம்மாகிட்ட சொல்லியாச்சா?"

ஏப்ரல் கடைசியில் ஆறு மாதம் நிறைந்தது. மழைக்குப் பிறகு மறுபடி பனி இறங்கியிருந்தது. பேருந்து பழுதாகி வரவில்லை. நிலையத்தில் நெவேனா தனியாக நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினாள். பிறகு வேறு வழியில்லாமல் வந்து பின்கதவைத் திறந்தாள்.

வலது ஓரம்.

"நெவேனா, முன்னால வந்து உக்காரும்மா."

"இருக்கட்டும்ணே." கதவை மூடிக்கொண்டாள். உட்கார்ந்ததுமே அவளுடைய கை பழக்கத்தில் பெல்ட்டைத் தேடியது. கர்... கர்... "பெல்ட் எங்கண்ணே?"

"கீழ இருக்கு... விரிப்புக்குக் கீழ."

அவள் தையலைத் தேடி விரல்களை உள்ளே நுழைக்க ஆரம்பித்தாள். நான் ஓட்டினேன். நிறுத்தியிருக்கலாம். அப்போதே எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். பயத்தில் ஆக்சிலேட்டரை மிதித்ததுதான் என் புத்தி.

திருப்பத்தை நெருங்கினோம். ஈர ரோமத்தின் வாடை வந்தது.

"அண்ணே." குரல் தாழ்ந்திருந்தது. "வண்டிய நிறுத்துங்க."

கண்ணாடியில் பார்த்தேன். அவளுடைய கை மணிக்கட்டு வரைக்கும் இடுக்குக்குள் இருந்தது. முகம் வெளுத்திருந்தது.

"உள்ள... யாரோ என் கையைப் பிடிச்சிருக்காங்க."

நிறுத்தினேன். இஞ்சின் அணைந்தது. சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"சின்னக் கை," என்றாள் அவள். "ஜில்லுன்னு இருக்கு. விடமாட்டேங்குது."

அவள் கையை இழுக்கவில்லை. அதுதான் என்னை உடைத்தது. யாருடைய கை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அவ தேடினாம்மா," என்றேன். "பெல்ட்டைத் தேடினா. உங்கிட்ட பண்ணுன சத்தியத்தச் சொன்னா. நாந்தான் நம்பிக்கை இல்லையான்னு கேட்டு கையை எடுக்க வெச்சேன். பெல்ட் எல்லாம் இந்த விரிப்புக்குக் கீழ இருந்துச்சு. அவ உன்னை ஏமாத்தல. போலீஸ்கிட்ட சொன்னது பொய். உங்கிட்ட சொன்னதும் பொய்."

இன்னும் ஒன்று மிச்சமிருந்தது. அதை நான் எனக்கு நானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை.

"மோதுன உடனே சாகல அவ. ரெண்டு சீட்டுக்கும் நடுவுல கெடந்தா. மூச்சு இருந்துச்சு. கை மட்டும் விரிப்பைத் தடவிக்கிட்டே இருந்துச்சு. யாராவது பிடிச்சுக்குவாங்களான்னு... நான் பிடிக்கலம்மா. போலீஸ் வர்றதுக்குள்ள பெல்ட்டு வெளிய தெரியணும்னு, அந்தக் கைக்குக் கீழேருந்து விரிப்பைப் பிடுங்கி பள்ளத்துல எறிஞ்சேன். திரும்பி வந்து பாக்கறப்ப கை நின்னுருச்சு."

நெவேனா ஒரு சத்தம் எழுப்பினாள். அதை அழுகை என்று சொல்ல முடியாது. குனிந்து, இடுக்குக்கு நேரே வாயை வைத்து, மெல்லப் பேசினாள்.

"கண்ணு... அம்மா பிடிச்சிருக்கேன்டி. அம்மா பிடிச்சிருக்கேன்."

எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று தெரியாது. கண்ணாடிகளில் பனி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் கையை வெளியே எடுத்தாள். நான்கு விரல் தடம் மணிக்கட்டில் வெள்ளையாகப் பதிந்திருந்தது. கதவைத் திறந்து இறங்கினாள், என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பனிக்குள் கல்லறைப் பக்கம் நடந்து போனாள்.

மறுநாள் போலீஸுக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். லைசென்ஸை வாங்கிக்கொண்டார்கள், வழக்கு நடக்கிறது. ருசா அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். ஊரில் எல்லாக் கம்பத்திலும் பிலியானாவின் படம் ஒட்டியிருக்கிறது. "சொன்ன சொல்லைக் காத்தவள்" என்று கீழே எழுதியிருக்கிறாள் அவள் அம்மா. என் வாசற்கதவிலும் ஒன்று ஒட்டியிருக்கிறது, நான் அதைக் கிழிக்கவில்லை.

விரிப்பை எரித்துவிட்டேன். வண்டி முற்றத்தில் நிற்கிறது. பேட்டரியை நானே கழற்றிக் கொட்டகையில் வைத்தேன்.

சனிக்கிழமை தோறும் மதியம் நெவேனா வருகிறாள். என்னிடம் பேசுவதில்லை. பின்கதவைத் திறந்து இடது ஓரமாக உட்காருகிறாள். தன் பெல்ட்டை மாட்டிக்கொள்கிறாள். பிறகு பக்கத்துக் காலி இடத்தைப் பார்த்துச் சொல்கிறாள்:

"போட்டுக்கோ கண்ணு."

நான் வேலியோரமாக நின்று பார்க்கிறேன். பேட்டரி இல்லாத வண்டியின் முன்பலகையில் அந்தச் சிவப்பு விளக்கு எரிகிறது. வலது பெல்ட் மெதுவாக இழுபட்டு, காற்றில் ஒரு மெலிந்த உடம்பைச் சுற்றி வருகிறது.

கிளிக்.

விளக்கு அணைகிறது.

அங்கேயே முடிந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். போன சனிக்கிழமை அது அணைந்த பிறகு இன்னொரு விளக்கு எரிந்தது. ஓட்டுநர் இருக்கைக்கானது. முன்கதவு தானாக ஒரு சாண் திறந்தது. நெவேனா முதல் தடவையாக என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

டிங். டிங். டிங்.

நெவேனா இறங்கி வீட்டுக்குப் போய் மூன்று நாள் ஆகிவிட்டது. மணி இன்னும் நிற்கவில்லை.