சந்தனப் பொட்டு, 118 டிகிரி!

"ஐயோ... எங்க வீட்டு ஆளைக் கொன்னுட்டாவளே!"

பாலம்மாளின் அலறல் ஆஸ்பத்திரிப் பஞ்சு வேகவைக்கும் ஷெட்டைத் தாண்டி, ராஜபாளையம் மெயின் ரோடு வரை கேட்டது.

ஆளுயர ஸ்டீல் தொட்டி. திறந்து கிடந்த மூடி. தொட்டியடித் தரையில்... ஆவியில் வெந்து போன அவள் கணவன், ஆபரேட்டர் தவசிமுத்து!

முதலாளி ராஜரத்தினம் அழவில்லை. கையிலிருந்த இன்ஃப்ராரெட் கேமராவை நீட்டினார்.

"தொடாமலே சூட்டை அளக்கும் மேடம். ஃபாரின் சரக்கு! நான் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலையில பெருமாளைக் கும்பிட்டுக்கிட்டு இருந்தேன். இவனே தொட்டியைப் படம் எடுத்துருக்கான். நாப்பது டிகிரின்னு காட்டிருக்கு. ஆறிருச்சுன்னு நம்பித் திறந்துட்டான். கேமராதான் கொலைகாரன்!"

"பிரஷர் மீட்டர் எங்க?" இன்ஸ்பெக்டர் பாண்டீஸ்வரி கேட்டார்.

"ரிப்பேர். அதுக்குப் பதிலாத்தான் கேமரா."

"பிரேக் ரிப்பேர்னா ஹாரன் மாத்துவீங்களோ?"

பாலம்மாள் பாய்ந்தாள். "மீட்டரை மாத்தலேன்னா ஆபீசர்கிட்ட சொல்லிருவேன்னு எங்க வீட்டு ஆளு நேத்து இவருகிட்டயே சொன்னாவ மேடம்!"

"ஏட்டி, வாயை மூடு!"

"நீங்க மூடுங்க அண்ணாச்சி" என்றார் பாண்டீஸ்வரி.

கேமரா கம்பெனி என்ஜினீயர் பிரிஸ்கில்லா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து இறங்கினாள். தொட்டியைச் சுற்றிப் பார்த்தாள்.

"பளபளக்குற ஸ்டீலை இது சரியா அளக்காது. அதுக்குத்தான் கறுப்பு டேப் ஒட்டி, 'இங்க மட்டும் பாருங்க'ன்னு உங்ககிட்ட சொன்னேன். டேப் எங்க சார்?"

"இவன் பிச்சிருப்பான்!"

பிரிஸ்கில்லா படத்தைப் பெரிதாக்கினாள். படத்தில் தொட்டி முழுக்க ஆறிப்போன நீலம். ஓரத்தில் மூன்று புள்ளிகள்... மஞ்சளாய் எரிந்தன!

"நூத்திப் பதினெட்டு டிகிரி!"

"அது... வெள்ளிக்கிழமை பூஜைக்கு வச்ச சந்தனம்."

"டேப் மாதிரி அதுலயும் பளபளப்பு இல்ல; உண்மையான சூட்டைக் காட்டும் சார்."

பாண்டீஸ்வரி சிரித்தார். "டேப்பை உரிச்ச ஆளு பொட்டைத் துடைக்கல. மனுஷனை வேகவைக்கலாம்... சாமி பொட்டை அழிச்சாத்தான் பாவம்!"

"எல்லாம் இவன் செஞ்சது! நான் கோயில்ல..."

"செத்த பொறுங்க" என்றாள் பிரிஸ்கில்லா. "இந்த ஸ்டீல் சூட்டுக்குக் கண்ணாடி மாதிரி. எதிர்ல நின்னு படம் எடுத்தவங்க உடம்பும் இதுல விழும்."

திரையில் மங்கலாய் ஓர் உருவம். கேமரா பிடித்த கைகள். அவற்றுக்குக் கீழே... பூசணிக்காய் அளவில் ஒரு தொப்பை!

எல்லோரும் தவசிமுத்துவைப் பார்த்தார்கள். மூங்கில் குச்சி உடம்பு.

பிறகு ராஜரத்தினத்தை.

"நீங்களே படம் எடுத்து, 'ஆறிருச்சு, திறலே'ன்னு காட்டியிருக்கீங்க. இல்லையா?" பாண்டீஸ்வரி கேட்டார்.

ராஜரத்தினம் மூச்சை இழுத்து வயிற்றை எக்கினார்.

"எக்காதீங்க அண்ணாச்சி. அப்படியே ஜீப்புல ஏறுங்க... சாட்சியைக் கலைக்கிறதும் குற்றம்தான்!"