உள்ளே வந்தவர்கள்

நேற்று மாலை அவள் ஸ்கேல் வைத்துத் தட்டி, ஒரே நேர்க்கோட்டில் நிறுத்திவிட்டுப் போன மூன்றாவது அலமாரியில், இன்று காலை ஏழு புத்தகங்கள் ஒரு விரல் அளவுக்கு முன்னால் துருத்திக்கொண்டிருந்தன. யாரோ எடுத்துப் பார்த்துவிட்டு அரைகுறையாகச் சொருகியது போல இல்லை. அப்படிச் சொருகினால் புத்தகம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். இவை பின்னாலிருந்து தள்ளியது போல நேராக நின்றன.

"பசங்க வேலை," என்று சொல்லிக்கொண்டே அவள் அவற்றை உள்ளே தள்ளினாள். கோடை விடுமுறையில் நூலகத்தில் எது நடந்தாலும் பழி போட ஆள் பஞ்சமில்லை. ஆனால் நேற்று பிள்ளைகள் போன பிறகுதான் அடுக்கினோம் என்பது கைப்பையை மேசையில் வைக்கும்போது நினைவுக்கு வந்தது. கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போய்க் கணினியைப் போட்டாள்.

அவள் இளையோர் பிரிவின் நூலகர். பதின்மூன்று முதல் பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கான ஆறு வாரக் கோடை நிகழ்ச்சி அவள் தலையில்தான் விடிந்திருந்தது. சதுரங்கம், படக்கதை வரைதல், செல்போனில் குறும்படம், வினாடி வினா, வியாழக்கிழமைகளில் பாட்டு என்ற பெயரில் காட்டுக்கத்தல். எல்லாம் இலவசம். தினமும் நாற்பது பேராவது வர வேண்டும், இல்லையென்றால் அடுத்த மாதம் இளையோர் அறையை மூடிவிட்டுப் பழைய செய்தித்தாள் கிடங்காக்கிவிடுவோம் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. வந்ததோ முப்பது பேர், சில நாள் அதிலும் இரண்டு குறைவு.

வேறு யாராவது இருந்திருந்தால் போனால் போகட்டும் என்று விட்டிருப்பார்கள். அவளால் முடியவில்லை. அவளுடைய மகள் குட்டிக்குப் பதினான்கு வயது. பள்ளி மாறியதிலிருந்து ஒரு வருடமாக அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை. கேட்டால் "ம்", கேட்காவிட்டால் அதுவும் இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். வீட்டில் இருந்தது இருவர்தான். அதில் ஒருவர் கதவுக்குப் பின்னால். நிகழ்ச்சியின் மூன்றாவது நாள், 'மைக்' என்று எல்லோரும் கூப்பிடும் பெருங்குரல் பையன் ஏதோ சொல்ல, குட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு அம்மாக்காரி கழிப்பறைக்குள் போய் அழுதாள். இந்த அறை மூடினால் மகள் மறுபடியும் தாழ்ப்பாளுக்குப் பின்னால் போய்விடுவாள். அது மட்டும் நடக்கக் கூடாது.

வழி வாசலிலேயே இருந்தது. நிலையில் இடுப்பு உயரத்தில் இரண்டு சின்ன சென்சார்கள். வெளிப்பக்கத்து சென்சாரை முதலில் கடந்தால் 'உள்ளே' என்ற எண் ஒன்று கூடும். உள்பக்கத்து சென்சாரை முதலில் கடந்தால் 'வெளியே' கூடும். ஒவ்வொரு முறையும் 'டிக்' என்று ஒரு சத்தம். அறிக்கைக்குப் போவது 'உள்ளே' மட்டும்தான். முதல் வாரத்திலேயே ஒரு நாள் தூசி துடைக்கும்போது அவள் கண்டுபிடித்திருந்தாள்: வெளியே நின்றபடி வலது கையை மட்டும் உள்ளே நீட்டி, அப்படியே மேலே தூக்கி எடுத்துவிட்டால், ஓர் ஆள் வந்ததாகப் பதியும். போனதாகப் பதியாது.

அன்றிலிருந்து தினமும் காலையில் கதவைத் திறந்ததும் பத்து முறை. டிக். டிக். டிக். கை உள்ளே போகும்போதெல்லாம் விளையாட்டாக "வாங்க, வாங்க" என்று முணுமுணுப்பாள். இதனால் யார் குடியும் கெட்டுவிடப் போவதில்லை என்று முதல் இரண்டு நாள் மனதுக்குச் சமாதானம் சொன்னாள். மூன்றாம் நாளிலிருந்து சமாதானமும் தேவைப்படவில்லை.

நான்காவது வாரத்தில் ஒரு மதியம், தடித்த கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி அவள் மேசைக்கு வந்தாள்.

"தேங்க்ஸ் ஆன்ட்டி. ரெண்டு நாளா இதைத்தான் தேடிட்டிருந்தேன்," என்று ஒரு புத்தகத்தைக் காட்டினாள்.

"எதுக்குடா எனக்கு தேங்க்ஸ்?"

"நீங்கதானே அந்தப் பக்கத்துலேர்ந்து எடுத்து நீட்டினீங்க?"

அங்கே எல்லாமே இரட்டை அலமாரிகள். நடுவில் தடுப்புப் பலகை கிடையாது. இந்தப் பக்கம் ஒரு புத்தகத்தை உருவினால் அந்தப் பக்கம் நிற்பவரின் சட்டைப் பொத்தான் தெரியும். அவள் காலையிலிருந்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"முகத்தைப் பார்த்தியா?"

"இல்ல ஆன்ட்டி. கை மட்டும்தான். உங்க கைதானே அது?"

அந்தப் பெண் சாதாரணமாகக் கேட்டுவிட்டுப் போய்விட்டாள். நூலகருக்கு அதன் பிறகு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து மூன்றாவது அலமாரியின் இரு பக்கமும் நடந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். பழைய காகிதத்தின் புளித்த வாசனைக்கு நடுவே வேறொரு வாசனை மெல்ல வந்தது. எலுமிச்சை. அவள் கைக்குப் பூசும் கிரீமின் வாசனை. நாம்தானே இங்கே நடக்கிறோம், நம் வாசனைதானே அடிக்கும் என்று நினைத்தாள். ஆனால் அது அவளிடமிருந்து வரவில்லை. புத்தகங்களுக்குப் பின்னாலிருந்த இருட்டிலிருந்து வந்தது. அன்று கிரீமை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

கடைசி வாரத்தில் தலைமை நூலகர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றார். நல்ல மனிதர். அவர் ஜோக்குக்கு முதலில் அவரே சிரித்துவிடுவார்.

"என்னம்மா, உள்ள வந்தவங்களுக்கும் வெளிய போனவங்களுக்கும் முந்நூறு பேர் கிட்ட வித்தியாசம் காட்டுதே?"

"சென்சார் பழசு சார். வெளிய போறதைச் சரியா பிடிக்க மாட்டேங்குது."

"அப்போ முந்நூறு பேரும் உள்ளயே குடியிருக்காங்களா? வாடகையாவது வாங்குங்க!"

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். அவர் போன பிறகு அந்த வாக்கியம் போகவில்லை. உள்ளயே குடியிருக்காங்களா. பேனாவை மூடினாள், திறந்தாள். ஜன்னலைச் சாத்தினாள். சாத்திய ஜன்னலை மறுபடி போய்ப் பார்த்தாள்.

நிகழ்ச்சியின் கடைசி நாள் மதியம், பிள்ளைகள் வருவதற்கு முன்னால், அவள் வாசலின் உள்பக்கம் போய் நின்றாள். கையை வெளியே நீட்டி மேலே தூக்கினாள். தலைகீழாகச் செய்தால் கணக்கு தலைகீழாகக் குறையும், அவ்வளவுதானே. சத்தம் வரவில்லை. மறுபடி நீட்டினாள். வரவில்லை. வாட்ச்மேன் அந்த வழியாக டீ வாங்கப் போனார், டிக் என்றது. அவள் நீட்டினாள். ஒன்றுமில்லை. வெட்கமாக இருந்தது, ஆனாலும் வாய்விட்டே சொன்னாள்.

"போங்க. போதும். போயிடுங்க."

பின்னால், மூன்றாவது அலமாரியில், அட்டையோடு அட்டை உரசும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்த்தபோது ஒரு வரிசை முழுவதும் ஒரு விரல் அளவு முன்னால் வந்து நின்றிருந்தது.

அன்று நிகழ்ச்சியைச் சீக்கிரம் முடித்துவிடத்தான் நினைத்தாள். ஆனால் சான்றிதழ் கொடுத்து முடிந்ததும் மைக் எழுந்து கத்தினான். நூலகம் மூடிய பிறகு விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணாமூச்சி ஆட வேண்டுமாம். குறும்படத்துக்கு வாங்கிய கறுப்பு சார்ட் மிச்சம் இருக்கிறதாம், ஜன்னலில் ஒட்டினால் கும்மிருட்டாகிவிடுமாம்.

"அதெல்லாம் வேணாம். வீட்டுக்குக் கிளம்புங்க."

"அம்மா," என்று குட்டி வந்து முந்தானையைப் பிடித்தாள். "ப்ளீஸ்மா. இன்னிக்கு ஒரு நாள்தானே."

ஒரு வருடத்தில் மகள் வாய்விட்டுக் கேட்ட முதல் காரியம் அது. எந்த அம்மாவால் முடியாது என்று சொல்ல முடியும்? ஒரே ஒரு ஆட்டம், அரை மணி நேரம், மூன்றாவது அலமாரிப் பக்கம் யாரும் போகக் கூடாது என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் அந்த வயதுப் பிள்ளைகளை மிஞ்ச ஆளில்லை.

பிள்ளைகள் ஜன்னல்களில் கறுப்பு சார்ட்டை ஒட்டி முடித்ததும், ஆறு மணிக்கு அவள் வெளிக்கதவைச் சாத்தினாள். இருபத்தெட்டு பேரும் சத்தம் கேட்காமல் நடக்கச் செருப்பைக் கழற்றி வாசலில் குவித்தார்கள். தேடுகிறவன் மைக். அவனே கடைசிக் கோடியிலிருந்த சுவிட்ச் போர்டில் விளக்கையும் மின்விசிறியையும் அணைத்துவிட்டு, டார்ச்சைத் தட்டிக்கொண்டு எண்ண ஆரம்பித்தான்.

அவள் வாசலிலேயே நின்றாள். பகல் முழுக்கப் பழகிய இடம் இருட்டில் நீண்டுகொண்டே போவது போலிருந்தது. வெறுங்கால்கள் சிமெண்ட் தரையில் ஒட்டி விடுபடும் சத்தம், அடக்கிய சிரிப்பு, மேலே நின்றுகொண்டிருந்த மின்விசிறியின் கடைசி முனகல், எங்கோ ஒரு புத்தகம் விழும் ஓசை, அதற்கு மேல் மைக்கின் குரல். பிறகு ஒவ்வொருவராக அகப்பட்டார்கள். கத்தல், கைதட்டல். அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். இருபது. இருபத்துநான்கு. இருபத்தாறு.

வெளியே பெற்றோர்களின் வண்டி ஹாரன் கேட்க ஆரம்பித்தது.

"குட்டிதான் ஆன்ட்டி பாக்கி! எங்க தேடியும் கிடைக்கல, அவதான் வின்னர்!" என்று மைக் டார்ச்சை அவள் கையில் திணித்தான். பிள்ளைகள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு தள்ளுமுள்ளாக வெளியேறினார்கள். டிக், டிக், டிக். இருபத்தேழு முறை. வாட்ச்மேன் தெருவில் வண்டிகளை ஒழுங்குபடுத்தப் போய்விட்டார். கதவு தானாக மூடிக்கொண்டது.

தரையில் ஒரே ஒரு ஜோடி செருப்பு மிச்சமிருந்தது. அவள் குனிந்து அதை எடுத்துக்கொண்டாள்.

"குட்டி, எல்லாரும் போயாச்சு. வெளிய வாடி."

டார்ச் வெளிச்சத்தை முதல் அலமாரியின் மேல் ஓடவிட்டாள்.

"விளையாட்டு முடிஞ்சுது. நீதான் ஜெயிச்ச. வா."

மூன்றாவது அலமாரிக்குப் பின்னாலிருந்து குட்டியின் குரல் வந்தது. எரிச்சலோடு, பாதி சிரிப்போடு, எதையோ முகத்திலிருந்து விலக்கிக்கொண்டு பேசுவது போல.

"என்னம்மா நீ? நீதானே பேசாதேன்னு என் வாயைப் பொத்தின? இப்போ நீயே கூப்பிடற?"

அவள் அசையவில்லை. அவளுக்கும் அந்தக் குரலுக்கும் நடுவே இருபதடி இருந்தது. வலது கையில் டார்ச். இடது கையில் மகளின் செருப்பு.

"குட்டி. எழுந்து என்கிட்ட ஓடி வா."

"நீ விட்டாத்தானே வர முடியும்."

அடுத்து வந்த குரலில் சிரிப்பு போயிருந்தது.

"அம்மா, கையை எடும்மா. வலிக்குது."

அவள் ஓடினாள். மேசையில் இடுப்பு இடித்தது. முதல் அலமாரி. எலுமிச்சை வாசனை. இரண்டாவது. வாசனை இன்னும் அடர்ந்தது. குட்டியின் குரல் இப்போது வார்த்தையாக இல்லை. பொத்திய வாய்க்குள் ஒரு சத்தம், அவ்வளவுதான்.

திரும்பினாள். டார்ச்சைத் தூக்கினாள்.

குட்டி இரண்டு அலமாரிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்தாள். கண்கள் விரிந்து அம்மாவையே பார்த்தன. இருபுறமும் கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டுவரை, புத்தகங்களின் இடுக்குகளில், கைகள். எல்லாம் வலது கைகள். முழங்கைவரை வெளியே, அதற்குப் பின்னால் இருட்டு. வெளிச்சம் போன தூரம்வரை கைகள், அதற்கும் அப்பால் தட்டுகளில் விரல்கள் தடவி நகரும் ஓசை. ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் பிறவியிலேயே உள்பக்கம் வளைந்திருந்தது. முப்பத்தொன்பது வருடமாக அவள் பார்த்து வந்த கை. தன் கையை யாருக்கும் அடையாளம் சொல்லித் தர வேண்டியதில்லை.

செருப்பு கீழே விழுந்தது.

"விடு," என்றாள். "என் பொண்ணு. விட்டுடு."

எதுவும் விடவில்லை. அவை குட்டியை அடிக்கவில்லை, கிள்ளவில்லை. இரண்டு கைகள் தோளைத் தட்டிக்கொடுத்தன. ஒன்று முதுகைத் தடவியது. ஒன்று வாயை இறுக்கப் பொத்தியிருக்க, இன்னொன்று கன்னத்தில் வழிந்த கண்ணீரைக் கட்டைவிரலால் துடைத்தது. அவள் டார்ச்சை இடது கைக்கு மாற்றிக்கொண்டு பாய்ந்து, வலது கையால் மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அதே மணிக்கட்டின் மேல், அவள் விரல்களுக்குப் பக்கத்திலேயே, அவள் விரல்கள் வந்து வந்து அமர்ந்தன. எது தன்னுடையது என்று டார்ச் வெளிச்சத்தில் அவளுக்கே தெரியவில்லை. அலமாரி முழுவதும் புத்தகங்கள் ஒவ்வொன்றாக முன்னால் நகர்ந்து விழத் தொடங்கின. மேல்தட்டிலிருந்து ஒரு கை அவசரமில்லாமல் இறங்கி, குட்டியின் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கி, காதுக்குப் பின்னால் செருகிவிட்டு, அவளை மெல்ல உள்ளே இழுத்தது.