முழங்கையில் கட்டிய நெறி

காலையில்தான் இஸ்திரி போட்டு மாட்டிய சட்டை. வலது கையில் மடிப்புகூடக் கலையவில்லை. இடது கையில் மட்டும், முழங்கைக்குச் சற்று மேலே, துணி கசங்கிச் சுருண்டு கிடந்தது. யாரோ அந்த இடத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு நாள் முழுவதும் கூடவே நடந்த மாதிரி.

பூக்கடையில் குனிந்து நிமிரும் வேலை. சட்டை கசங்கத்தான் செய்யும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ரோஜாத் தண்டுகளில் முள் சீவ வேண்டும், வாளிகளில் தண்ணீர் மாற்ற வேண்டும், செண்டு கட்ட வேண்டும். அழுகிய தண்டின் வாடை நகக்கண்ணில் ஏறிவிட்டால் சோப்புக்கும் அசைந்து கொடுக்காது. குளியலறையில் அந்த வாடையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் சோப்பு நுரையில் வழுக்கிய விரல், முழங்கையின் உட்பக்கம், எலும்பு முட்டுக்குக் கொஞ்சம் மேலே, எதன் மீதோ இடறி நின்றது.

பட்டாணி அளவு. அழுத்தினால் நழுவியது. விட்டால் திரும்பி வந்தது.

நெறி கட்டியிருக்கிறது.

கழுத்தில் நெறி கட்டும், அக்குளில் கட்டும், தொடை இடுக்கில் கட்டும். முழங்கையில் கட்டி அவள் கேள்விப்பட்டதே இல்லை. குழாயை மூடினாள். தண்ணீர் சொட்டுவது நின்ற பிறகு அந்த வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை. முன்பெல்லாம் இந்நேரத்துக்குக் கூடத்தில் தங்கையின் ரேடியோ பேசிக்கொண்டிருக்கும், அதற்குப் போட்டியாகத் தங்கையும் பேசிக்கொண்டிருப்பாள்.

தங்கைக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கழுத்தில் ஒரு நெறி. சளி பிடித்திருக்கும் என்றார்கள், பல்லாக இருக்கும் என்றார்கள். சதை எடுத்துப் பார்த்தபோது நிணநீரில் புற்றுநோய். மழை தொடங்கும்போது ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மழை விடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்றிரவு அவள் இடது கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படுத்தாள்.

தங்கைக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அப்பா அம்மா போன பிறகு இரண்டாவது மாடியில் இருந்த இந்தச் சின்ன வீட்டில் அக்காவும் தங்கையும்தான். பார்வையில்லாதவர்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகக் கூடாது என்று தங்கையின் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவர்கள்தான் நம் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டைவிரல் வெளியே, மற்ற நாலு விரல்களும் உள்ளே. நாம் அரையடி முன்னால் நடக்க வேண்டும். அப்படியே முப்பது வருஷம் ஓடிவிட்டது. பேருந்து நிறுவனத்தில் தொலைபேசி விசாரணைப் பிரிவில் தங்கைக்கு வேலை. "ஊருக்கே எந்த பஸ் எங்க நிக்கும்னு வழி சொல்றவ நான். எனக்கு வழி சொல்ல நீ. உனக்கு யாரு சொல்லுவா, அக்கா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரிப்பாள். "என் கண்ணு ரெண்டும் பொறந்ததுலேர்ந்து லீவு. உன் முழங்கைதான் பாவம், ஓவர்டைம் பாக்குது."

அந்த இடத்தில்தான் இப்போது நெறி.

டாக்டர் வயதானவர், நிதானமானவர். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "வீட்ல பூனை இருக்காம்மா?" என்றார்.

"இல்லீங்க டாக்டர்."

"பக்கத்து வீட்டுப் பூனை ஏதாவது கீறிச்சா? பூனைக் கீறல்ல இந்த இடத்துல நெறி கட்டுறதுண்டு. என்ன வேலை பாக்குறீங்க?"

"பூக்கடைல. ரோஜா முள்ளு அப்பப்போ குத்தும்."

"ஆங், அதுவா இருக்கலாம். முள்ளுல ஒட்டியிருக்கிற பூஞ்சை உள்ள போனாலும் இப்படி வரும். காய்ச்சல் இருக்கா? ராத்திரி படுக்கை நனையற அளவுக்கு வேர்க்குதா? எடை குறைஞ்சிருக்கா?"

எடை குறைந்திருந்தது. ஒரு ஆளுக்குச் சமைத்துச் சாப்பிடப் பழகவில்லை. அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "என் தங்கச்சிக்கு..." என்று ஆரம்பித்தாள். டாக்டர் தலையசைத்தார். மற்றதை அவர் கேட்கவில்லை.

பிறகு அவர் எழுந்து அருகில் வந்தார். அவள் கையை மடக்கச் சொல்லி, மணிக்கட்டை ஒரு கையில் தாங்கிக்கொண்டு, மறு கையால் பின்பக்கமாக வந்து முழங்கைக்கு மேலே பிடித்தார். கட்டைவிரல் வெளியே. நாலு விரல்களும் உள்ளே.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"வலிக்குதாம்மா?"

"இல்லீங்க."

டாக்டர் அவள் அழுது முடிக்கும் வரை காத்திருந்து, வலது கையையும் அதேபோலப் பார்த்தார். "ரெண்டு கையிலயும் இருந்தா உடம்பு முழுக்க ஏதோ நடக்குதுன்னு யோசிக்கணும். உங்களுக்கு ஒரு கையில மட்டும்தான். சுண்டுவிரல், மோதிர விரல் பக்கம் எது உள்ள போனாலும் இந்த நெறிதான் முதல்ல காவலுக்கு நிக்கும். அந்தக் கை வழியா ஏதோ வந்திருக்கு. என்ன வந்ததுங்கிறதுதான் கேள்வி." விரல்களைப் புரட்டிப் பார்த்தார். சுண்டுவிரலின் ஓரத்தில் மெல்லிய கோடாக ஒரு தழும்பு. "இது முள்ளு மாதிரி தெரியலையே. நகமா?"

"தெரியலீங்க," என்றாள்.

தெரியும். கடைசி நாளில், மூச்சு ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி நீண்டுகொண்டே போனபோது, தங்கை கட்டிலிலிருந்து கையை நீட்டித் தேடினாள். அவள் தன் இடது கையைக் கொடுத்தாள். அந்த எலும்பும் தோலுமான உடம்பில் எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ. நகம் பதிந்து சுண்டுவிரலில் ரத்தம் கசிந்தது. நர்ஸ் வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் கையை எடுக்க வேண்டியிருந்தது. அந்தக் கீறல் ஆறவே கூடாது என்று அவள் சில நாள் மருந்துகூடப் போடவில்லை. இதையெல்லாம் டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

மாத்திரை கொடுத்தார். ரத்தப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, முழங்கைக்கு ஒரு ஸ்கேன். "குறையலைன்னா ஊசி போட்டுக் கொஞ்சம் எடுத்துப் பாத்துடலாம். இப்பவே மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

குறையவில்லை.

வேறு விஷயங்கள் நடக்க ஆரம்பித்தன. கடைக் கதவைத் தாண்டும்போது அவள் உடம்பு தானாக ஒருக்களித்து, பக்கத்தில் இன்னொரு ஆளுக்கு இடம் விட்டது. முதலாளியம்மா பார்த்துவிட்டு, "ஏன் பொண்ணே, ஒரு ஆளு நுழையறதுக்கு இவ்வளவு இடமா?" என்று கேட்டாள். கேட்ட மறுகணம் நாக்கைக் கடித்துக்கொண்டு வாளிகளின் பக்கம் போய்விட்டாள். பழக்கம்தான். முப்பது வருஷப் பழக்கம் லேசில் போகுமா? ஆனால் சட்டைக் கை தினமும் கசங்கியது. ஒரு மாலை, ஈரப்பூக்களை அடுக்கிவிட்டு நிமிர்ந்தபோது, அதுவரை காய்ந்திருந்த அந்தக் கசங்கலில் ஈரம் இருந்தது. நாலு ஈரத் திட்டுகள். அவளுடைய வலது கை அப்போது செண்டு சுற்றும் காகிதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அவள் பயப்படவில்லை. உண்மையைச் சொன்னால் அன்றைக்குத்தான் அவள் வெகுநாள் கழித்துச் சாப்பாட்டை ருசித்துச் சாப்பிட்டாள். தெருவோரமாக, இன்னொருத்திக்கு உள்பக்கம் இடம் விட்டு, மெதுவாக நடந்து வீட்டுக்கு வந்தாள். பூட்டைத் திறந்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, "வா," என்றாள்.

ஸ்கேன் அறையில் பகலிலும் விளக்கை அணைத்து வைத்திருந்தார்கள். குளிர்சாதனத்தின் ஒரே சீரான முனகல், டெட்டாலும் பழைய திரைச்சீலையும் கலந்த வாடை, திரையிலிருந்து வழிந்த சாம்பல் வெளிச்சம். சின்னப் பெண் ஒருத்தி ஜில்லென்ற களிம்பை முழங்கையில் தடவிக் கருவியை மெல்ல உருட்டினாள்.

"இதோ தெரியுது பாருங்க, இதுதான் நெறி. உருவம் நல்லாத்தான் இருக்கு." உருட்டினாள். "இன்னொண்ணு இருக்கு. இங்க இன்னொண்ணு." குரல் தணிந்தது. "நாலு. வரிசையா."

"அப்படி இருக்குமா?"

பெண் கருவியைத் தூக்கிவிட்டு, வெறும் கையைக் குனிந்து பார்த்தாள். மறுபடி வைத்தாள். "யாராவது உங்க கையைப் பலமா அழுத்திப் பிடிச்சாங்களா, அக்கா? சதை கன்னிப்போயிருக்கு. வெளிப்பக்கமும்."

அவளும் திரையைப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் அடுக்கடுக்காகத் தோல், கொழுப்பு, தசை. பெண்ணின் கை அசையாமல் இருந்தது. தசை மட்டும் அசைந்தது. மேலிருந்து ஏதோ அமுக்க, நாலு இடங்களில் மெல்லக் குழிந்தது. குழிந்தபடியே நின்றது. பிறகு, பிடியை மாற்றிக்கொள்வது போல, ஒவ்வொன்றாக விடுபட்டு, இன்னும் ஆழமாகக் குழிந்தது.

பெண் மெஷினை அணைத்துவிட்டாள்.

"கோளாறு," என்றாள் அவள் முகத்தைப் பார்க்காமல். "பழைய மெஷினு. நீங்க துடைச்சிட்டுக் கிளம்புங்க."

ஊசி போட்டு எடுத்தார்கள். முடிவு வந்த மத்தியானம் டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "புற்றுநோய் இல்லம்மா. காசநோயும் இல்ல. பூஞ்சையும் இல்ல. உடம்பு எதையோ எதிர்த்து நிக்குது, அவ்வளவுதான். எதைன்னுதான் எங்களுக்குப் பிடிபடலை."

"சரிங்க டாக்டர்." அவளுக்குச் சிரிப்பே வந்தது. எதிர்க்க அவளிடம் என்ன இருக்கிறது?

டாக்டர் இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று சட்டைக் கையை உயர்த்தினார். நெறியைச் சுற்றி இப்போது பழுப்பாகக் கன்றியிருந்தது. அவர் தன் விரல்களை அந்தக் கன்றலின் மீது ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. அவர் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். யோசித்தபடி நகர்ந்து, அவள் முன்னால் வந்து, நேருக்கு நேர் நின்று கையை வைத்தார். நாலு விரல்களும் கட்டைவிரலும் அச்சாகப் பொருந்தின.

"எதிர்ல நின்னு யாரோ பிடிச்சு இழுத்த மாதிரி இருக்கே," என்றார். "வீட்ல... உங்களை யாராவது கஷ்டப்படுத்துறாங்களாம்மா? என்கிட்ட சொல்லலாம்."

"வீட்ல யாரும் இல்லீங்க," என்றாள்.

வெளியே நல்ல வெயில். அவள் சாலையைக் கடந்தது, பேருந்தில் ஏறியது, இறங்கியது எதுவும் நினைவில் தங்கவில்லை. தங்கை பின்னால்தான் வருவாள். அரையடி பின்னால். ஒரு நாளும் எதிரே நின்று பிடித்ததில்லை. எப்படிப் பிடிப்பாள்? கண் தெரியாதவள் பின்னோக்கி நடந்துகொண்டே எப்படி முன்னால் போவாள்?

மாடிப்படியின் கம்பிச் சன்னல் வழியாக மத்தியான வெயில் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. கீழ் வீட்டில் யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம். இரண்டாவது மாடிக்கு ஏறிக் கதவைத் திறந்தாள். வீட்டுக்குள் கால் வைக்கப் போனாள்.

கை வரவில்லை.

முழங்கைக்கு மேலே பிடி இறுகியிருந்தது. அது வீட்டுக்குள் வர விரும்பவில்லை. வந்த வழியே, படிக்கட்டை நோக்கி அவளைத் திருப்பியது. முரட்டுத்தனம் இல்லை. அவசரமும் இல்லை. காத்திருக்கப் பழகிய பிடி. சட்டைத் துணி அவள் கண்ணெதிரே ஐந்து இடங்களில் அமுங்கியது.

"நீதானே?" என்றாள். "நீதானேடி? சொல்லு."

பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. எல்லாச் சத்தமும் நின்றது.

அப்போது அவளது வலது முழங்கையில், பின்னாலிருந்து, வேறு ஒரு கை பட்டது. லேசான கை. சில்லிட்டிருந்தது. தயங்கித் தடவி இடத்தைக் கண்டுபிடித்து, கட்டைவிரலை வெளியேயும் நாலு விரலை உள்ளேயும் வைத்துப் பிடித்துக்கொண்டது. இந்தப் பிடியை அவளுக்குத் தெரியும். ஆயிரம் கைகளுக்கு நடுவிலும் தெரியும். முப்பது வருஷம் தெரியும்.

கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. திரும்பிப் பார்க்க முடியவில்லை. இடது பக்கம் இழுத்துக்கொண்டேயிருந்தது.

தங்கையின் மூச்சு அவள் காதோரம் வந்தது. தங்கை எதையோ கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் புதிய ஆள் ஒருவர் வந்து நின்றால் அவள் அப்படித்தான் கேட்பாள்.

"அக்கா," என்றாள் மெதுவாக. "உன் முன்னாடி நிக்கிறது யாரு?"

அவள் பார்த்தாள். அங்கே கண் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். எதிரே வெயில் விழுந்த வெறும் படிக்கட்டு. தூசி மிதந்துகொண்டிருந்தது. இடது சட்டைக் கை விறைத்து நீண்டு, படியின் பக்கம் இழுபட்டு நின்றது.

அவளை விடாமல் இறுகிய வலது பக்கப் பிடி நழுவியது. நகங்கள் கீறிக்கொண்டு நழுவின.

அவள் கால் ஒரு படி இறங்கியது.