நத்தையும் நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளும்

நத்தை பள்ளியிலிருந்து வந்தாள். செருப்பைக் கழற்றினாள். பையைத் திரும்பிப் பார்க்காமலே சோபாவில் எறிந்தாள். நேராகச் சமையலறைக்குப் போய், ஃபிரிட்ஜைத் திறந்து, தண்ணீர் பாட்டிலை எடுத்து மடக் மடக்கென்று பாதியைக் காலி செய்தாள். பிறகுதான் நிதானமாகத் திரும்பிப் பார்த்தாள்.

சோபாவில் ஒரு மாமா உட்கார்ந்திருந்தார். கையில் செய்தித்தாள். மடியில் அவளுடைய பை.

"யாரும்மா நீ? என் வீட்டுக்குள்ள என்ன பண்றே?" என்றார் அவர்.

"இது எங்க வீடு மாமா. நீங்க யாரு?"

"நல்லா இருக்கே கதை! அரை மணி நேரமா இங்கேதான் உட்கார்ந்திருக்கேன். பேப்பரே படிச்சு முடிச்சுட்டேன்."

இருவரும் மாறி மாறி "எங்க வீடு, எங்க வீடு" என்று வாதாடிக்கொண்டிருந்தபோது, மாடியிலிருந்து ஒரு அக்கா இறங்கி வந்தார். தலையில் ஈரத் துண்டு. அப்படியே நின்றுவிட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் யாரு?" என்றார்.

அந்த வீடு நத்தையின் வீடும் இல்லை, மாமாவின் வீடும் இல்லை! பெயின்ட் அடிக்க வந்தவர்கள் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதுதான் வினை.

மாமாவின் முகத்தில் அசடு வழிந்தது. நத்தைக்குக் காது வரை சிவந்துவிட்டது. பாதி பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டு ஒரே ஓட்டம்.

அவளைக் குறை சொல்லி என்ன பயன்? அந்தப் புதுக் குடியிருப்பில் நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள். எல்லாச் சுவரும் ஒரே சந்தன நிறம். எல்லாக் கேட்டும் ஒரே பழுப்பு நிறம். எல்லா வாசலிலும் இடது பக்கம் ஒரே உயரத்தில் ஒரு செடி. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வரிசை வரிசையாக வீடுகள். அதற்கு அந்தப் பக்கம் இன்னும் வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

நகரத்தில் இரண்டு அறை வாடகை வீட்டில் இருந்தபோது நத்தை ஒருநாளும் வழி தவறியதில்லை. அங்கே தெருமுனையில் ஒரு பழைய சோப்புத் தொழிற்சாலை இருந்தது. சோப்புச் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் மழை பெய்தால் சுவரிலிருந்து சோப்பு வாசனை வரும். அந்தக் கட்டடத்தில்தான் பட்டறை இருந்தது.

பட்டறை என்றால் சும்மா இல்லை! ஒரு மூலையில் தச்சக்கா நாற்காலி செய்வார். இன்னொரு மூலையில் போர்டு அண்ணன் கடைகளுக்குப் பலகை எழுதுவார். நடுவில் ஒரு தையல்காரர் நாடகக்காரர்களுக்கு உடை தைப்பார். ஒரு பக்கம் ஒருவர் முரசு வாசிக்கும் சத்தம், மறு பக்கம் மரத்தை இழைக்கும் இழைப்புளியின் சத்தம். சனிக்கிழமை ஆனால் யார் வேண்டுமானாலும் வந்து எதை வேண்டுமானாலும் செய்யலாம். "இது எதுக்கு?" என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். "இதை எப்படிப் பண்ணே?" என்றுதான் கேட்பார்கள். அந்த இடத்துக்குள் கால் வைத்தாலே நத்தைக்குக் கை பரபரக்கும்.

எல்லாவற்றையும்விட அவளுக்குப் பிடித்தது அங்கிருந்த பெரிய சுவர்தான். சுவர் முழுக்கக் கருவிகள் தொங்கும். ஒவ்வொன்றையும் சுற்றி அதன் உருவத்தை மஞ்சள் பெயின்டில் கோடாக வரைந்திருப்பார்கள். சுவரின் ஓரத்தில் நாற்பது கொக்கிகள். கொக்கிக்கு ஒன்றாக நாற்பது வில்லைகள். பட்டறைக்கு வருகிற ஒவ்வொருவரும் தம் அடையாளமாக, பிடித்த ஓர் உருவத்தைக் கையகல மரத்தில் தாமே அறுத்துச் செய்தவை.

சுத்தியலை எடுத்தால், அது இருந்த மஞ்சள் கோட்டுக்குள் உன் வில்லையை மாட்ட வேண்டும். கோட்டுக்குள் யானை தொங்கினால் சுத்தியல் தையல்காரரிடம் இருக்கிறது. கிளி தொங்கினால் போர்டு அண்ணனிடம் இருக்கிறது. "சுத்தியல் எங்கே?" என்று அங்கே யாரும் தொண்டை கிழியக் கத்தியதே இல்லை.

நம் கதாநாயகியின் வில்லை ஒரு நத்தை. அதை அறுத்து முடிக்க அவளுக்கு ஆறு சனிக்கிழமைகள் ஆயின. "இந்த வேகத்துக்கு வேற எதைச் செய்யறது?" என்று தச்சக்கா சிரித்தார். அன்றிலிருந்து எல்லோருக்கும் அவள் நத்தைதான். வீட்டில்கூட.

ஆனால் பட்டறை வாசலில் ஒரு பலகை உண்டு. போர்டு அண்ணன் அழகாக எழுதிய மூன்று விதிகள்.

எடுத்த இடத்தில் உன் வில்லையை மாட்டு.

கூர் மழுங்கினால் தீட்டிக் கொடு.

மூன்று மாதம் கொக்கியில் தூங்கும் வில்லை கழற்றப்படும்.

மூன்றாவது விதி பொல்லாத விதி இல்லை. கொக்கிகள் நாற்பதுதான். காத்திருப்பவர்களோ ஏராளம். ஆனால் நத்தை புது வீட்டுக்கு வந்து இரண்டரை மாதம் ஆகிவிட்டது.

"அப்பா, இந்தச் சனிக்கிழமை பட்டறைக்குப் போலாமா?"

அப்பா கார் சாவியை மாட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். வாரத்துல அஞ்சு நாள் அந்த ரோட்டுலதான் கிடக்கேன். ஆறாவது நாளும் போகச் சொல்லாதேடா கண்ணு."

பஸ் ஸ்டாப் நடக்கிற தூரத்தில் இல்லை. அம்மாவுக்குச் சனிக்கிழமையும் மருத்துவமனையில் வேலை. நத்தை நாட்காட்டியைப் புரட்டி நாளை எண்ணினாள். இன்னும் இரண்டு வாரத்தில் அவள் கொக்கி போய்விடும். பட்டறையில் அவள் யாருமில்லை என்று ஆகிவிடும்.

மறுநாள் மாலை, நத்தை வீட்டு வரிசையிலேயே ஒரு கேட்டின் முன்னால் ஒரு வாண்டு ஓவென்று அழுதுகொண்டிருந்தாள். நான்கு வயது இருக்கும்.

"ஏன்டா அழறே? உங்க வீடு எது?"

"பழுப்பு கேட் வீடு."

நத்தை வரிசையைப் பார்த்தாள். இருபது பழுப்பு கேட்டுகள். "வேற ஏதாவது அடையாளம் சொல்லு."

"வாசல்ல ஒரு செடி."

சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. வாண்டின் கையைப் பிடித்துக்கொண்டு கேட் கேட்டாகத் தட்டினாள். பதினோராவது கேட்டில் வாண்டின் அம்மா அலறிக்கொண்டு வெளியே வந்தார்.

அன்று இரவு நத்தைக்கு மஞ்சள் கோடுகளே நினைவில் சுற்றின. பட்டறையில் யானையைப் பார்த்தால் ஆள் தெரிந்துவிடும். இங்கே நானூற்றுப் பன்னிரண்டு வீடு இருந்தும் ஒரு யானைகூட இல்லையே!

காலையில் வாண்டிடம் போய்க் கேட்டாள். "உனக்கு ரொம்பப் பிடிச்சது எது?"

"குடை!"

நத்தை அட்டையில் ஒரு குடை வெட்டினாள். சிவப்பு வண்ணம் அடித்து வாண்டு வீட்டுக் கேட்டில் கயிற்றால் கட்டினாள். வாண்டு குதித்த குதியைப் பார்க்க வேண்டுமே! ஆனால் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. குடை நனைந்து, கூழாகி, கயிறு மட்டும் தொங்கியது.

"குடையே நனைஞ்சிடுச்சு!" என்று வாண்டு மறுபடி ஓவென்று ஆரம்பித்தாள்.

மரத்தில் செய்ய வேண்டும். வீடு மாறியபோது வந்த மரப்பெட்டிகள் மாடியில் கிடந்தன. ஆனால் வளைவாக அறுக்கும் சின்ன ரம்பத்துக்கு எங்கே போவது?

அந்த வாரக் கடைசியில் அப்பாவே மனம் இரங்கிவிட்டார். "ஒரே ஒரு தடவை போலாம். உன் நத்தையை வாங்கிட்டு, அஞ்சு நிமிஷத்துல திரும்பிடணும்."

பட்டறைக்குள் நுழைந்ததும் பழைய சத்தங்களும் பழைய வாசனையும் ஓடிவந்து கட்டிக்கொண்டன. தையல்காரர் ஒரு சிங்கத்துக்கு வால் தைத்துக்கொண்டிருந்தார். போர்டு அண்ணன் ஏணிமேல் இருந்தே கையை ஆட்டினார்.

"நத்தை வந்துடுச்சு! ஊர்ந்தே வந்தியா?"

நத்தையின் கண்கள் தன் கொக்கியைத் தேடின. மரநத்தை இன்னும் அங்கேயே இருந்தது, மேலே தூசியோடு. அதன் கீழே ஒரு சிறுமி நின்றிருந்தாள். கையில் புத்தம் புதிய மர மீன். அந்தக் கொக்கியையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எட்டு மாசமாக் காத்திருக்கா" என்றார் தச்சக்கா மெதுவாக. "ஆனா உனக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கு. நீ தொடர்ந்து வர்றதா இருந்தா சொல்லு. அவ காத்திருப்பா."

நத்தைக்கு அந்த மீனைப் பிடிக்காமல் போயிருந்தால் எல்லாம் சுலபமாக இருந்திருக்கும். ஆனால் மீன் அத்தனை அழகு. ஒவ்வொரு செதிலும் தனித்தனியாகச் செதுக்கியிருந்தது.

"இதை எப்படிப் பண்ணே?" என்று அவளையறியாமல் கேட்டுவிட்டாள்.

"அரத்தோட முனையால" என்றாள் மீன்காரச் சிறுமி கூச்சத்தோடு.

நத்தை சுவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வாசல் பலகையைப் படித்தாள். முதல் விதி. மூன்றாம் விதி. மறுபடியும் முதல் விதி. வழக்கம்போல மெதுவாக. எல்லோரும் காத்திருந்தார்கள்.

"அக்கா, கொக்கியில தூங்கற வில்லையைத்தானே கழட்டணும்?"

"ஆமா."

"கருவியோட இடத்துல தொங்கினா?"

"அது தூங்கலையே. அது வேலை செய்யுது."

"எடுத்த கருவியை இந்தக் கட்டடத்துக்குள்ளயே வெச்சிருக்கணும்னு எங்கேயாவது எழுதியிருக்கா?"

தச்சக்கா போர்டு அண்ணனைப் பார்த்தார். போர்டு அண்ணன் தூரிகையால் தலையைச் சொறிந்தார். காதோரம் பச்சை ஒட்டியது. "நான் எழுதலைப்பா. யாரும் எழுதச் சொல்லலையே!"

நத்தை வாண்டையும், நனைந்த குடையையும், பாதித் தண்ணீர் குடித்த கதையையும் மூச்சு விடாமல் சொன்னாள். தையல்காரர் சிரித்துச் சிரித்துச் சிங்கத்தின் வாலைத் தலையில் தைத்துவிட்டார்.

"சின்ன ரம்பம் இங்கே மூணு இருக்கு. ஒண்ணை நான் எடுத்துட்டுப் போறேன். என் நத்தை அந்த ரம்பத்தோட கோட்டுக்குள்ள தொங்கட்டும். என் கொக்கி இவளுக்கு."

முரசு வாசிப்பவர்கூடத் தூக்கிய கையோடு திரும்பிப் பார்த்தார்.

"சரி" என்றார் தச்சக்கா. அவர் கண்கள் பளபளத்தன. "எப்போ திருப்பித் தருவே?"

"வேலை முடிஞ்சதும். நானூத்திப் பன்னிரண்டு வீடு இருக்கு அக்கா."

"நீ அறுக்கிற வேகத்துக்கா? அதுக்குள்ள எனக்குப் பல்லெல்லாம் கொட்டிடுமே!"

நத்தை தன் வில்லையைக் கழற்றியதும், மீன்காரச் சிறுமி அந்தக் கொக்கியில் மீனை மாட்டினாள். நத்தை வில்லையின் தூசியைத் துடைத்து, ரம்பத்தின் மஞ்சள் கோட்டுக்குள் தொங்கவிட்டாள். அங்கே அது ரொம்பவும் பொருத்தமாக இருந்தது.

"அப்பா, போலாமா? அஞ்சு நிமிஷம் ஆயிடுச்சே."

அப்பா திரும்பவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு ஒரு பலகையை இழைத்துக்கொண்டிருந்தார். தலையெல்லாம் மரச்சுருள். "இரும்மா, இந்த ஓரம் மட்டும்" என்றார். அந்த ஓரம் இரண்டு மணி நேரம் பிடித்தது.

அப்பாவின் கார் பகலெல்லாம் நகரத்தில்தானே நிற்கும்? அதனால் வீட்டில் கார் நிறுத்தும் இடம் மாலை வரை சும்மாதான் கிடந்தது. அங்கே நத்தை பெட்டியைக் கவிழ்த்து மேசையாக்கினாள். முதலில் வாண்டின் குடை. அடுத்தது அந்த ஈரத்துண்டு அக்காவுக்கு. "எனக்குத் தண்ணீர் பாட்டில்தான் வேணும். பாதி காலியா இருக்கணும்" என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார். செய்தித்தாள் மாமா தன் மூக்குக்கண்ணாடியைச் செய்யச் சொல்லி, தாமே உப்புத்தாள் தேய்க்க வந்து உட்கார்ந்தார். தெருப் பிள்ளைகள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். எட்டிப் பார்த்தவர் கையில் நத்தை ஒரு தூரிகையைக் கொடுத்தாள்.

ஒருநாள் குடியிருப்பின் மேனேஜர் கையில் ஒரு கடிதத்தோடு வியர்த்து விறுவிறுத்து வந்தார்.

"பாப்பா, ஒன்பதாவது வரிசை, பதினாலாம் வீடு எங்கே இருக்கு? ஒரு மணி நேரமாச் சுத்தறேன். வீட்டு வெளிப்பக்கத்தை மாத்தக் கூடாதுங்கறது விதி. அங்கே யாரோ பொம்மை செஞ்சு மாட்டறாங்களாம்."

"இதுதான் சார் அந்த வீடு" என்றாள் நத்தை. "ஆனா ஆணி அடிக்கலை. சுவரைத் தொடலை. வெறும் கயிறுதான், அவுத்தா வந்துடும். முதல்ல தண்ணி குடிங்க."

மேனேஜர் குடித்தார். தெருவைப் பார்த்தார். குடை, பாட்டில், கண்ணாடி, முயல், கப்பல். கடிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்தார்.

"என் ஆபீஸையும் யாரும் கண்டுபிடிக்க மாட்டேங்கறாங்க" என்றார் தயங்கித் தயங்கி. "அதுக்கு ஒரு ஆந்தை கிடைக்குமா?"

ஆந்தையை அறுக்க வாண்டுதான் முதல் ஆளாக வந்து நின்றாள். "அக்கா, ரம்பத்தைக் குடு. நான் கடகடன்னு அறுத்துடறேன்!"

நத்தை பெட்டியில் கோடு போட்டு எண்ணினாள். இருபத்து மூன்று வீடுகள் முடிந்திருந்தன. முன்னூற்று எண்பத்தொன்பது பாக்கி. அவ்வளவும் முடியும் வரை பட்டறைச் சுவரில் அவளுடைய நத்தை வேலை செய்துகொண்டே இருக்கும்.

"மெதுவா அறு வாண்டு," என்றாள் அவள். "நமக்கு ஒரு அவசரமும் இல்லை."