அத்தே!

அந்த வெள்ளிக்கிழமை காலை, பிள்ளையார்பாளையத்து வீடொன்றின் குளியலறையிலிருந்து எழுந்த கூச்சலில், எதிர் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் மாவு டப்பாவை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"ஐயோ... எம்புள்ளைய இப்படிப் பண்ணி வச்சிருக்காங்களே...!"

கத்தியது ஜீவிதா. அவள் முன்னால் மூன்று வயது யுவன் உடம்பெல்லாம் நுரையோடு பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றான். நுரை வழிந்த வலது தொடை முழுக்க நாவல்பழத்தை நசுக்கித் தேய்த்த மாதிரி கன்றிப்போன திட்டுகள். சில மங்கி மஞ்சள் பூத்தவை, சில புதியவை. எல்லாமே விரலால் கிள்ளிய தடங்கள்.

ஜீவிதா அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "யாருடா கிள்ளுனது? சொல்லு... யாரு கிள்ளுனது?"

பிள்ளையின் உதடு பிதுங்கியது. கண்ணில் நீர் முட்டியது.

"அத்தே...!"

அவ்வளவுதான். அதற்குமேல் அவளுக்குச் சாட்சி தேவைப்படவில்லை.

அத்தை என்றால் கிருஷ்ணவேணி. ஜீவிதாவின் கணவன் ராமராஜனுக்கு மூத்தவள். பிள்ளை இல்லையென்று புருஷன் வீட்டில் தள்ளி வைத்துவிட, தம்பி வீட்டோடு வந்து இருப்பவள். யுவனைக் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் தூங்க வைப்பதும் அவள்தான். அன்றைக்கு அவள் காமாட்சியம்மன் கோயிலுக்குப் போயிருந்ததால்தான் ஜீவிதா குளிப்பாட்ட உட்கார்ந்தாள். குங்குமப் பொட்டலத்தோடு உள்ளே நுழைந்தவளை நடுக்கூடத்திலேயே மறித்துக்கொண்டாள்.

"வாங்க அண்ணி! இதுக்குத்தான் தெனமும் நானே குளிப்பாட்டுறேன்னு புள்ளையத் தூக்கிக்கினு போவீங்களா? எங்கண்ணுல படக்கூடாதுன்னா?"

கிருஷ்ணவேணி பிள்ளையின் தொடையைப் பார்த்தாள். பிறகு ஜீவிதாவின் முகத்தைப் பார்த்தாள். குங்குமப் பொட்டலத்தை மெல்ல முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"சொல்லுங்க! புள்ள வாயாலயே சொல்லிட்டான், அத்தைன்னு... பெத்தவளா இருந்தா இப்படிக் கிள்றதுக்குக் கை வருமா உங்களுக்கு?"

சொல்லக்கூடாத சொல். சொன்னவளுக்கே அது தெரியும். ஆனாலும் வாயிலிருந்து விழுந்துவிட்டது. ஊஞ்சலில் இருந்த மாமனார் ராமலிங்கம், "ஜீவிதா!" என்று அதட்டினார். பட்டுச்சேலைத் தறியிலிருந்து எழுந்து வந்த ராமராஜன் பிள்ளையின் தொடையைக் கண்டதும் அக்காவிடம் திரும்பினான்.

"அக்கா... நீயா? நீயாக்கா?"

"நான்தான்னு வச்சிக்கோபா," என்றாள் கிருஷ்ணவேணி. குரலில் கோபமில்லை. "வாலாஜாபாத்துல சித்தப்பா வூடு இருக்குது. நான் அங்க போயிடறேன். இனிமேட்டு புள்ளைய யாரும் கிள்ள மாட்டாங்க."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவள் ஜீவிதாவைத்தான் பார்த்தாள். ஜீவிதாவுக்கு அது திமிராகப் பட்டது.

தெருமுனையில்தான் அங்கன்வாடி. யுவன் காலையில் அங்கே போய், சாப்பிட்டுவிட்டு மதியம் வீட்டுக்கு வந்துவிடுவான். அன்றைக்கு ஜீவிதா அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அழுது வீங்கிய முகத்தோடு போய் எஸ்தர் டீச்சர் முன்னால் நின்றாள். நாத்தனார்க்காரியின் கொடுமையை ஒன்றுவிடாமல் கொட்டினாள்.

டீச்சர் திடுக்கிடவில்லை. அதுதான் ஜீவிதாவுக்குத் திடுக்கென்றது.

"நேத்து டிரவுசர் நனைஞ்சிடுச்சுன்னு மாத்தறப்ப நானும் பார்த்தேன்மா. இன்னைக்கு உன்னைக் கூப்பிட்டு அனுப்பலாம்னு இருந்தேன். யாரு பண்ணதுன்னு எனக்குத் தெரியாது. ஆனா இதை இப்படியே வுட முடியாது, ஆமா. கொஞ்சம் உக்காரு. அழுவாத. புள்ள வெளையாடறதைப் பாரு, நான் பாலு கொதிக்குதான்னு பார்த்துட்டு வந்துடறேன்."

பிள்ளைகள் பாய்மேல் சிதறிக் கிடந்தார்கள். யுவன் ஒரு துணிப் பொம்மையை எடுத்துத் தன் இடது பக்கம் உட்கார வைத்தான். அது சாய்ந்தது. மறுபடி நிமிர்த்தி வைத்தான். பிறகு காலை நீட்டி நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு மரக்கட்டையை வலது கையால் குறுக்காகத் தள்ளினான். இழுத்தான். திரும்பத் தள்ளினான்.

ஜீவிதாவின் அழுத முகத்திலும் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. தறியில் குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் நாடாவை ஓட்டுகிறான்! தறிக்காரன் பிள்ளை வேறென்ன விளையாடும்? அதுவும் கோர்வைச் சேலை நெய்கிற விளையாட்டு. சேலையின் உடலும் கரையும் வேறுவேறு நிறமாய் இருந்து, இழைக்கு இழை கோத்து நெய்வது அது. ஒற்றை ஆளால் ஆகாது. ராமராஜன் நடுவில் நெய்ய, ஜீவிதா பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். கண் கரையை விட்டு நகரக்கூடாது. கல்யாண சீசன் தொடங்கியதிலிருந்து மதியச் சாப்பாடு முடிந்தால் இருட்டும்வரை அந்த வேலைதான். அந்த நேரத்தில் கிருஷ்ணவேணி பக்கத்து வீட்டுக்கு நூல் சுற்றப் போய்விடுவாள். யுவன் அம்மாவுக்கு இடது பக்கத்தில் உட்கார்ந்திருப்பான்.

பொம்மை மறுபடி சாய்ந்தது.

யுவன் திரும்பிப் பார்க்கவில்லை. கண் நேராக முன்னால்தான் இருந்தது. வலது கை கட்டையைத் தள்ளிக்கொண்டே இருந்தது. இடது கை மட்டும் தானாகப் போய்ப் பொம்மையின் தொடையைத் தேடிப் பிடித்து, நறுக்கென்று கிள்ளித் திருகியது.

"ச்சூ... சும்மா இரு. கோர்வை போயிடும்."

பிறகு பொம்மைக்காக அவனே குரலை மெலிதாக்கி அழுதான்.

"அத்தே...! அத்தே...!"

ஜீவிதா தன் இடது கையைக் குனிந்து பார்த்தாள்.

அது அவள் குரல். அவள் சொல். "கோர்வை போயிடும்" என்று அந்த வீட்டில் அவளைத் தவிர யாரும் சொல்வதில்லை. பிள்ளை நூலை இழுத்தால் புருஷன் கத்துவான். கத்துவதற்கு முன் அடக்கிவிட வேண்டும் என்று இடது கை போகும். போய் வந்தது அவளுக்கே தெரியாது. தெரிந்தாலும் அதற்கு அவள் மனதில் வைத்திருந்த பெயர், சும்மா ஒரு தட்டு.

அத்தை என்றால் ஆளைச் சொல்வது. அத்தே என்றால் ஆளைக் கூப்பிடுவது. பிள்ளை காலையில் அவள் கேள்விக்குப் பதில் சொல்லவே இல்லை. தோளைப் பிடித்து உலுக்கிய கையிலிருந்து காப்பாற்றச் சொல்லி அத்தையைக் கூப்பிட்டிருக்கிறான்!

"டீச்சர்... நான்தான்... ஐயோ, இந்தக் கைதான் டீச்சர்..." என்று தன் இடது கையை யாருடையதோ போல் நீட்டிக் காட்டினாள். டீச்சர் கிட்டே வருவதற்குள் பிள்ளையை வாரிக்கொண்டு தெருவில் ஓடினாள். செருப்பு அங்கன்வாடி வாசலிலேயே கிடந்தது.

வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. கிருஷ்ணவேணி பையை உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள். தெருவே வேடிக்கை பார்த்தது. ஜீவிதா அத்தனை பேர் முன்னாலும் அவள் காலடியில் விழுந்தாள்.

"போவாதீங்க அண்ணி! கிள்ளுனது நான்... நான் பெத்தவ... எனக்குத்தான் கை வந்துச்சு!"

 ராமராஜன் பாய்ந்துவந்து அவள்மேல் கையை ஓங்கினான். "பாவி! எங்கக்காவைத் துரத்திட்டு..."

"கைய எறக்குடா!"

கிருஷ்ணவேணி அப்படி ஒரு குரலில் பேசி அந்தத் தெரு கேட்டதில்லை. "புள்ள அழுதா இழை அறுந்துச்சு, புள்ள சிரிச்சா கோர்வை போச்சுன்னு தறியில உக்காந்துக்கினு அவளை நீ திட்டுன திட்டுடா அது! புள்ள தொடையில போய் நிக்குது. இப்ப யாரை அடிக்க வர்ற?"

ஓங்கிய கை தானாக இறங்கியது.

"அப்போ... உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அண்ணி?" ஜீவிதா தலை நிமிர்ந்தாள்.

"ஒரு நாளு நூல் சுத்துற எடத்துலேர்ந்து மோரு குடிக்க வந்தப்ப கதவாண்ட நின்னு பார்த்தேன். நீ பார்க்கவேயில்ல ஜீவிதா. கை மட்டும் போச்சு... சொன்னா இவன் உன்னை அடிச்சித் தொரத்துவான்னு பயந்துட்டேன். எண்ணெய் தடவித் தடவி மறைச்சேன். இன்னைக்கு நீ கேட்டப்பகூட... நான் போனா ஒரு அத்தை போறா. நீ போனா புள்ளைக்கு அம்மாவே போயிடுவாளே!"

"மறைச்சது தப்புமா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எஸ்தர் டீச்சர், பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுவிட்டு, ஜீவிதாவின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மூச்சு வாங்க வந்து நின்றார். "பெரிய மனசுதான், இல்லன்னு சொல்லல. ஆனா நீ மறைச்ச ஒவ்வொரு நாளும் புள்ளைக்குத்தான் வலிச்சிருக்குது."

கிருஷ்ணவேணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். 

டீச்சர் ராமராஜன் பக்கம் திரும்பினார். "இன்னைலேர்ந்து புள்ள தறிக்கிட்ட உக்காரக்கூடாதுபா. சாயங்காலம் வரைக்கும் நான் பார்த்துக்கறேன். அதுக்கு மேல வேலைன்னா வூட்ல யாராவது ஒருத்தர் கை காலியா இருக்கணும். தாய்மார் கூட்டத்துக்கு ஜீவிதா வரட்டும், இந்த மாதிரிக் கை தானா போற கதை அங்க நெறைய பேருகிட்ட இருக்குது. நீயும் ஒரு நாளு வா. வாராவாரம் நான் வந்து புள்ள உடம்பைப் பார்ப்பேன். மறுபடி ஒரு தடம் பார்த்தா, மூடி மறைக்கமாட்டேன். மேல ஆபீசுல சொல்லிடுவேன்."

"வாங்க டீச்சர்... கட்டாயம் வந்து பாருங்க," என்றார் ராமலிங்கம். "கோர்வைக்கு ஆளு வரலன்னா நானே உக்காந்து கரை போடறேன். இத்தினி நாளா ஊஞ்சல்ல உக்காந்து ஆடிக்கினு இருந்தேனே நானு..." பெரியவர் ஆட்டோவிலிருந்து மகளின் பையைத் தானே எடுத்து உள்ளே கொண்டுபோனார்.

கிருஷ்ணவேணி குனிந்து ஜீவிதாவைத் தூக்கி நிறுத்தினாள். இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். பெற்றவள் என்றும் பெறாதவள் என்றும் காலையில் கிழித்த கோடு அந்த அழுகையில் கரைந்தது.

யுவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றான். ஓடிவந்த அவசரத்தில் அங்கன்வாடிப் பொம்மை அவன் கக்கத்திலேயே வந்திருந்தது. ஜீவிதா மண்டியிட்டு, அவனை அணைக்கக் கையை நீட்டினாள். இடது கை.

பிள்ளை சட்டென்று இரண்டு கையாலும் தொடையை மூடிக்கொண்டான்.

அவள் நெஞ்சில் அது இறங்கிய இடம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். கையைப் பின்னுக்கு இழுக்கவில்லை. கிட்டேயும் கொண்டுபோகவில்லை. உள்ளங்கையை மேல்நோக்கி விரித்துத் தரையில் வைத்துவிட்டு, அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார். கிருஷ்ணவேணி, அம்மாகிட்ட போடா என்று சொல்ல வாயெடுத்தவள், டீச்சர் வேண்டாமென்று தலையசைத்ததும் நிறுத்திக்கொண்டாள்.

யுவன் மெல்ல வந்தான். தள்ளி நின்றபடியே எட்டி, அந்தக் கையில் பொம்மையை வைத்தான்.

"கிள்ளாதே," என்றான்.

"மாட்டேன் சாமி... மாட்டேன்."

பொம்மை அந்தக் கையில் சாய்ந்தது. அவள் விரல் ஒன்றுகூட மடங்கவில்லை. யுவன் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.