வாசம் வராத மருந்து

பொம்மிடி ஸ்டேஷனில் மழைக்கு ஒதுங்கிய கோகிலவாணி, பக்கத்தில் ஈரக் குடையை மடக்கியவனைத் திரும்பிப் பார்த்தாள்... அப்படியே நின்றுவிட்டாள். மாதவராஜ். நாலு வருஷம் ஆகியும் அதே கண்கள்... உதட்டுக்கு முன்னாலேயே சிரித்துவிடும் கண்கள்.

"நல்லா இருக்கீங்களா?" என்றான்.

"இருக்கேங்க. நீங்கதான் இளைச்சுட்டீங்க."

"இளைக்கச் சொல்லி உத்தரவுங்க. தை மாசம் கல்யாணம்."

அவளுக்கு நெஞ்சுக்குள்ளும் மழை இறங்கியது.

ஏரியூரில் அவள் அப்பா சென்னப்பனின் விதைக் கிடங்குக்கு ஆராய்ச்சி மாணவனாக வந்தவன் அவன். கண்ணுக்கே தெரியாத நுண்ணிய உறைகளுக்குள் கிராம்பு எண்ணெயை அடைத்த பொடிதான் அவன் ஆய்வு... தட்டைப்பயறு விதையில் கலந்து வைத்தால் எண்ணெய் மெல்ல மெல்லக் கசியும். வண்டு அண்டாது, முளைப்பும் கெடாது.

"கிராம்புங்கறீங்க, வாசமே வரலியே. கோலமாவாட்டம் இருக்குது" என்று சீண்டுவாள்.

"அது அவசரப்படாதுங்க. என்னை மாதிரி."

"மொதல்ல இது வேலைக்கு ஆவட்டும், அப்புறம் பையனப் பத்திப் பேசலாம்" என்று அப்பா அம்மாவிடம் சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது.

விதையைச் சோதிக்க அதிகாரிகள் வரும் நாள். மூட்டையை மோந்து பார்த்தாள்... ஒன்றுமில்லை. மருந்து வீரியம் போய்விட்டது என்றே நினைத்துவிட்டாள். கடையில் வாங்கிய கிராம்பு எண்ணெயை விதையில் ஊற்றிக் கலந்தாள்.

கிடங்கே மணத்தது. ஆனால் எண்ணெய் நேராகப் பட்டதில், அதிகாரிகள் எடுத்துப்போன விதையில் ஒன்றுகூட முளைக்கவில்லை. ஆய்வை நிறுத்திவிட்டார்கள். அப்பாவின் ஏச்சையெல்லாம் தலைகுனிந்து கேட்டுக்கொண்டு அவன் போனான்... அவள் கதவுக்குப் பின்னால் வாய் திறக்காமல் நின்றாள்.

இப்போது திறந்தாள். "அன்னைக்கு எண்ணெய ஊத்துனது நாந்தாங்க."

"தெரியும்ங்க." அவன் மழையைப் பார்த்தபடி சொன்னான். "உள்ள வந்ததுமே தெரிஞ்சுபோச்சு. அந்தப் பொடி அப்படி மணக்காது."

"அப்ப ஏன் சொல்லல?"

"வூட்ல உங்களத் திட்டுவாங்க. நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு ஒரு வருஷம் பார்த்தேங்க... கேலிக்குத்தான் செஞ்சீங்களோன்னு அப்புறம் ரோஷம் வந்துடுச்சு."

ரயில் வந்து நின்றது. அவன் பையைத் தூக்கினான்.

"கேலிக்கு இல்லீங்க..." அவள் பின்னாலேயே நடந்தாள். "அது வேலைக்கு ஆனாத்தான் அப்பா உங்களுக்கு என்னக் குடுப்பாரு. வாசம் வந்தாப் போதும்னு நெனச்சுட்டேன்... உங்கள அவ்வளவு புடிச்சிருந்துச்சுங்க."

படியில் வைத்த கால் நின்றது.

"ஏறுங்க சார், வண்டி எடுத்துடுவான்" என்றார் பின்னால் நின்றவர்.

ஏறிவிட்டான்.